பென்சில் கண்

எனக்குத் தைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. பதினாறு வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். லஷ்கர் மொஹல்லாவில் ஓடித் திரியும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி கட்டியது இந்தக் கைதான். அந்த ஒரு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அதற்கு மேல் ஊசி, விளிம்பு மடிப்பு, பூவேலை என்று எதையும் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று கான்வென்ட்டில் படிக்கும்போதே சொல்லிவிட்டேன். தையல் வகுப்பில் தண்டனையாக என்னை ஜன்னலோரம் நிற்கவைத்தார்கள். நின்றேன். தெருவில் போகிற ஜட்கா வண்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பது சுகமாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவளை முப்பத்தெட்டாவது வயதில் ஒரு துணி மீன் உட்காரவைத்துவிட்டது.

என் தம்பி பெர்னார்ட் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. நல்லவன், ஆனால் எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் மனைவி சவரியம்மா மார்டள்ளிக்காரி. காட்டோரத்து விவசாயக் குடும்பம். கலியாணமாகி வந்தபோது ஒரு தகரப்பெட்டி கொண்டுவந்தாள்; திறந்தால் பாதிப் பெட்டிக்கு நூல் உருண்டை. அவர்கள் ஊர்க் கோயிலில் பீடத்துணி, சுரூபத்துக்குப் போடுகிற அங்கி எல்லாம் அவள் கைவேலைதான். தையலைத் தடவிப் பார்த்தால் தையல் எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியாது. அவள் தைப்பதைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். நான் கொட்டாவி விடுவதைப் பார்த்து அவள் சிரிப்பாள். ஒரே வீட்டில் நாங்கள் சண்டையில்லாமல் இருந்தோம் என்றால் அதற்கு அவள் பொறுமைதான் காரணம், நான் அல்ல.

1937 கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு அவள் இருமினாள். கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. புத்தாண்டு பிறப்பதற்குள் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் படுக்கை கிடைத்தது. அவர்கள் பெண் மோலிக்கு அப்போது இரண்டு வயது முடிந்து நாலு மாதம். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

இந்தக் காசநோயை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொண்டவள் அல்ல. என் அம்மாவைக் கொண்டுபோனது இதுதான். எனக்கு நாலு வயது; பெர்னார்ட் கைக்குழந்தை. அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. ஒரு பச்சைப் புடவையின் முந்தானை நினைவிருக்கிறது, அதுகூட சித்தியுடையதாக இருக்கலாம். அதனால் மோலி விஷயத்தில் நான் இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, அந்த நோய் இந்தப் பிள்ளையின் பக்கம் வரக் கூடாது. இரண்டு, இந்தப் பிள்ளை தன் அம்மாவை மறக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று அப்போது தோன்றவில்லை.

பெர்னார்ட் ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளில் சானடோரியம் போய் வருவான். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, காகிதப் பொட்டலம் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மோலி! அம்மா உனக்கு என்ன குடுத்தனுப்பிச்சிருக்கா பாரு!"

நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் பொட்டலத்தைப் பிரித்தே விட்டான். உள்ளே ஒரு நீலத் துணி மீன். மோலி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவருகிறாள். கையிலிருந்த அடுப்பு இடுக்கியாலேயே மீனைப் பிடுங்கினேன். பிள்ளை வீறிட்டது.

"அறிவிருக்காடா உனக்கு? எங்கேருந்து வருது, யார் கையிலேருந்து வருதுன்னு யோசிச்சியா?"

"ஆசையா குடுத்தாக்கா. வேண்டாம்னு சொல்ல வாய் வரலே."

"வாய் வரலேன்னா வழியிலே குழி தோண்டிப் புதைச்சுட்டு வந்திருக்கணும். வாசல்லே நின்னுக்கிட்டு தண்டோரா போடறான்!"

கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதும் என்று சானடோரியத்தில் சொல்வார்கள். அவர்களுக்குப் போதும். இந்த நோய்க்குத் தாயைக் கொடுத்த எனக்குப் போதாது. மீனை எரிக்கத்தான் வேண்டும். ஆனால் மோலி பார்த்துவிட்டாளே! அவள் அம்மா அனுப்பியது என்றும் காதில் விழுந்துவிட்டது. அம்மா அனுப்பியதை அத்தை பிடுங்கி அடுப்பில் போட்டாள் என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்தால் அது என்ன நியாயம்?

"மீன் குளிக்கப் போயிருக்கு. கார்போலிக் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுச் சாயங்காலம் வரும்" என்றேன்.

மோலி அழுகையை நிறுத்தி யோசித்தாள். "மீனு குளிக்குமா அத்தே?"

"எங்க வீட்டு மீன் குளிக்கும்."

மத்தியானம் மோலி கட்டிலில் தூங்கியதும் கிணற்றடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பி மீனை வைத்தேன். மீனைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. சவரியம்மா தைத்ததா இது? விரல் நுழைகிற அளவுக்குப் பெரிய பெரிய தையல். நூலை முடிச்சுக்கூடப் போடாமல் விட்டிருந்தாள். உள்ளே பஞ்சு இல்லை. பேருக்கு இரண்டு காகிதத்துண்டு. கண்ணைக்கூடத் தைக்கவில்லை, பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டதோடு சரி. இடுக்கியால் நூல் நுனியைப் பிடித்து இழுத்தேன். மொத்தத் தையலும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்து, மீன் இரண்டு துண்டாகக் காகிதத்தின் மேல் தட்டையாகப் படுத்தது.

நோய் எப்படிப்பட்ட கையை எப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது. ஆனால் தட்டையாகப் படுத்ததும் ஒருவிதத்தில் வசதிதான். அதைப் பார்த்து, எட்ட வைத்த வேறொரு காகிதத்தில் அதே அளவில் பென்சிலால் வரைந்துகொண்டேன். பிறகு மீனைச் செய்தித்தாளோடு வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, என் பழைய நீலப் பாவாடை ஒன்றை அந்த வரைபடத்தின்படி வெட்டி, மோலியின் கட்டிலருகில் தைக்க உட்கார்ந்தேன்.

மூன்று மணி நேரம்! ஒரு மீனுக்கு! ஏழு இடத்தில் விரலில் குத்திக்கொண்டேன். பஞ்சு எவ்வளவு வைப்பதென்று தெரியாமல் ஒரு கிழிந்த தலையணையின் பாதியை உள்ளே இடித்து இடித்துத் திணித்தேன். நூல் முடிகிற இடத்திலெல்லாம் எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டேன், தொப்புள்கொடி முடிச்சு. கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான். வேலை முடிந்தபோது மீன் செங்கல் மாதிரி இருந்தது. எறிந்தால் ஆள் விழுந்துவிடுவான்.

"இந்தா, குளிச்சிட்டு வந்துட்டுது. அம்மா தைச்சது" என்று கொடுத்தேன். மோலி அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் அவள் கன்னத்தில் பொத்தான் அச்சு விழுந்திருந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும். அடுத்த ஞாயிறு பெர்னார்ட், தன் மனைவியிடம் போய், மோலிக்கு மீன் உயிர் என்று ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிவிட்டு வந்தான். மறுவாரம் பொட்டலத்தில் கிளி.

கிளிக்குத் தனியாக இறக்கை. வளைந்த மூக்கு. அதே பெரிய தையல், அதே பென்சில் கண். இடுக்கியால் உருவினேன், வரைந்தேன், எரித்தேன், கழுவினேன், வெட்டினேன். மூக்கு வளைவில் துணி சுருங்கிக்கொண்டு கிளி காக்கையாகிவிட்டது. பிரித்துத் திரும்பத் தைத்தேன். நான் பஞ்சு திணிப்பதைப் பார்த்து பெர்னார்ட் சிரித்தான்.

"எத்தனை காலமா காத்துக்கிட்டிருந்துச்சோ, ஒருவழியா இந்தக் கிளிக்கு இலவம்பஞ்சு கிடைச்சிடுச்சு."

"பல்லைக் காட்டினா உன் வாயையும் சேர்த்துத் தைச்சுடுவேன். போய் மார்க்கெட்டுலே ஒரு மரப்பொம்மை வாங்கிட்டு வந்தா என்ன? குதிரை, வண்டி, எத்தனை விக்கறான்!"

"அவ கேப்பாளே அக்கா, கிளி எப்படி இருக்குன்னு."

கேட்பாள். அதுதான் சங்கடம். மாதத்தில் ஒரு நாள் நானே சானடோரியம் போவேன். வராந்தாவில் அவள் கட்டிலுக்கு எட்ட ஒரு நாற்காலி போட்டு உட்கார்வேன். வாடி வதங்கிக் கிடப்பாள். பொம்மைப் பேச்சு வந்தால் மட்டும் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். முயல் அனுப்பிய மாதம் கேட்டாள்.

"முசலுக்குக் காது நிக்குதுங்களா அக்கா?"

நிற்கவில்லை. நான் தைத்த முயலின் காது இரண்டும் மழையில் நனைந்த கோவணம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "பிரமாதமா நிக்குது" என்றேன்.

"எங்கூர்ல காதுக்குள்ளார ஒரு துண்டுத் துணிய மடிச்சு வெப்பமுங்க. அப்பத்தான் நிக்கும். பஞ்சு வெச்சா தொங்கிப் போவும்."

"இதையெல்லாம் எங்கிட்டே எதுக்குச் சொல்றே? மூச்சு வாங்குது பாரு. படு."

வீட்டுக்கு வந்து முயலின் காதைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டுத் துணியை மடித்து வைத்தேன். நின்றது. நல்லவேளை, பேச்சுவாக்கில் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு புத்திசாலி நான்!

மே மாதம் பாவாடை சட்டை போட்ட பொம்மைப் பெண். சட்டைக்குக் கை. கையில்லாத சட்டை போட்டால் பொம்மைக்குக் குளிருமா? ஜூலையில் வால் சுருண்ட நாய். ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு படி கஷ்டமாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் இரவு முறை பார்த்துவிட்டு வந்து, மத்தியானம் தூங்க வேண்டிய நேரத்தில் நாய் வாலுக்கு உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பகலில் மோலியைப் பார்த்துக்கொள்ள வரும் மாதேவி என்னைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, பெத்தவ படுத்துக் கெடக்கறா, பெறாதவ பேய் மாதிரி தெக்கறாளே" என்றாள். அவளுக்கும் ஒரு வசவு விழுந்தது.

ஒவ்வொரு தடவையும் மோலியிடம் தவறாமல் சொன்னேன். "அம்மா தைச்சது." அவளும் திருப்பிச் சொல்வாள். "அம்மா தெச்சது." கேட்டால் எனக்கு ஒரு நிம்மதி. சாயம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். குளித்ததில் போய்விட்டது என்றேன். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு மத்தியானம் ஊசியைத் தொலைத்துவிட்டுப் பாயைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்த மோலி கட்டிலிலிருந்தே கையை நீட்டி, "புடவேல இருக்கு அத்தே" என்றாள். என் தோள் மடிப்பில்தான் குத்தியிருந்தது. எப்போது விழித்தாள், எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஊசி கிடைத்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

பிறகு தசரா வந்தது. பெர்னார்ட் மோலியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போனான். திரும்பி வந்ததிலிருந்து அவள் வாயில் யானையைத் தவிர வேறு பேச்சில்லை. சோறு யானைக்கு, பால் யானைக்கு, குளியல் யானைக்கு. நான் பெர்னார்டைத் தனியாக இழுத்துப்போய்க் காதைத் திருகாத குறையாகச் சொன்னேன்.

"யானைன்னு ஒரு வார்த்தை அங்கே போய்ச் சொன்னே, வீட்டுக்குள்ளே காலை வைக்காதே."

சொன்னான்.

யானைப் பொட்டலம் வந்த அன்று நூலை உருவிப் போட்டேன். பதினோரு துண்டு! உடம்பு இரண்டு, கால் நாலு, காது இரண்டு, தும்பிக்கைக்கு அடியில் ஒன்று, முதுகில் போர்த்த ஒன்று, வயிற்றுக்கு நீளமாக ஒரு பட்டை. அந்தப் பட்டை எதற்கென்று புரியாமல் அதை விட்டுவிட்டுத் தைத்தேன். யானை நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து செத்த மாதிரி விழுந்தது. பிரித்தேன். பட்டையை வைத்துத் தைத்தேன். பின்னங்கால் ஒன்று முன்பக்கம் பார்த்தது. பிரித்தேன். எட்டு நாள் இதே கூத்து. இந்தப் பெண்ணுக்கு ஓய்வெடுக்கச் சொல்லித்தானே பால், முட்டை, காற்று, வெயில் எல்லாம்? படுத்துக்கொண்டே என்னை வேலை வாங்குகிறாளே என்று வாய்விட்டே கத்தினேன். கடைசியில் யானை நின்றது. நாலு காலில், தும்பிக்கை தூக்கி நின்றது. உண்மையைச் சொன்னால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். இடது காது மட்டும் எத்தனை தடவை தைத்தாலும் பிய்ந்துகொண்டு வந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் சானடோரியத்திலிருந்து காகிதம் வந்தது. மூன்று தடவை சளி சோதித்ததில் கிருமி இல்லை. வீட்டுக்குப் போகலாம். தனி அறை, தனித் தட்டு, பிள்ளையை முத்தமிடக் கூடாது, மற்றபடி பயமில்லை. அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தேன். என் அம்மாவுக்கு வராத காகிதம் அது.

ஜட்காவிலிருந்து சவரியம்மா இறங்கி முற்றத்தில் செம்பருத்திச் செடி பக்கம் நின்றாள். பத்தடி எட்டவே நின்றாள். மோலி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பதினோரு மாதம். அந்த வயதுக்கு அது ஒரு ஆயுசு. வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே ஓடி, யானையைத் தூக்கிக்கொண்டு வந்து, வந்தவளுக்குக் காட்டினாள்.

"யானெ."

"அட, யானையா! யாரு சாமி தெச்சது?" என்றாள் சவரியம்மா. 

"அம்மா தெச்சது."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பார்த்தாயா, உன் பேரை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று பெருமையோடு நின்றேன்.

"அம்மா எங்க சாமி?"

மோலி திரும்பினாள். யானையின் தும்பிக்கையால் என்னைச் சுட்டிக் காட்டினாள்.

பெர்னார்ட் தன் செருப்பைப் பார்த்தான். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. மோலி என்னை ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. அத்தே, அத்தே என்றுதான் வீடு முழுக்கக் கூப்பிடுவாள். ஆனால் கட்டிலில் அரைக்கண் மூடிக்கொண்டு ஒன்பது மாதம் பார்த்திருக்கிறாள். அம்மா தைத்தாள், அம்மா தைத்தாள் என்று நான் சொல்கிறேன்; தைக்கிறவளோ எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வயதுக் கணக்கில் அதற்கு ஒரே விடைதான். அம்மாவை மறக்கக் கூடாதென்று நான் சொன்ன பொய்யே அம்மாவை அழித்துவிட்டது.

சவரியம்மா என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மத்தியானம் மோலி தூங்கியதும் சவரியம்மாவுக்கென்று ஒழித்துவைத்த அறைக்குப் போனேன். பொம்மைகளையெல்லாம் ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் கொட்டினேன்.

"பார்த்துக்கோ. உன்னுது ஒண்ணுகூட இல்லே. எல்லாத்தையும் எரிச்சேன். எல்லாம் நான் தைச்சது. உன்னுதுன்னு சொல்லிக் குடுத்தேன். உன்னையும் ஏமாத்தினேன், பிள்ளையையும் ஏமாத்தினேன். இப்போ என்ன ஆச்சு பாரு. திட்டு!"

அவள் மீனை எடுத்தாள். முடிச்சைத் தடவினாள். "தொப்புள்கொடி கட்டற முடிச்சுங்களா அக்கா?"

"வேற எது தெரியும் எனக்கு?"

"எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. மீனு கல்லாட்டம் இருக்குதுன்னு உங்க தம்பி வந்து சொன்னாங்க. நான் பஞ்சே வெக்கலீங்களே."

காலிக் கூடையைக் கீழே வைத்தேன்.

"அங்கிருந்து வர்ற துணிய நீங்க ஊட்டுக்குள்ளார உடுவீங்களா? உடமாட்டீங்கன்னு தெரிஞ்சுதானுங்க அனுப்பினேன். பிரிச்சாப் பிரியோணும்னுதான் சும்மா நூலோட்டி அனுப்பினது. பொம்ம இல்லீங்க அக்கா, அளவு. மொதல்ல சுளுவா மீனு, அப்பறம் ரெக்கை வெச்ச கிளி, அப்பறம் கை வெச்ச சட்ட..."

இடுக்கி பட்டதும் உருவிக்கொண்டு வந்த நூல், காதுக்குள் மடித்த துணி, யானையின் பதினோரு துண்டு, எல்லாம் வரிசையாக வந்து என் மூஞ்சியில் அறைந்தன. ஜன்னலோரம் நின்றவளை ஒன்பது மாதம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டாள், அதுவும் படுத்துக்கொண்டே.

"இதை ஒரு வரி எழுதியிருக்கலாமே! அக்கா, பிள்ளைக்குத் தைச்சுக் குடுங்கன்னு?"

"எழுதியிருந்தா மார்க்கெட்டுல மரக்குதிரை வாங்கிக் குடுத்திருப்பீங்க."

"குடுத்திருப்பேன்தான். அதுலே என்ன குறைச்சல்?"

"நான் திரும்பி வருவன்னு யாருங்க கண்டா?" அவள் குரல் இறங்கியது. "எனக்குப் பக்கத்துக் கட்டல்ல மூணு பேரு போனாங்க. மோலிக்குப் பக்கத்துல உக்காந்து தெக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? கடைக் குதிர உக்காராதுங்களே."

"அந்தப் பென்சில் கண்ணு?"

"கண்ணு வெக்கறது வளக்கறவங்க வேலைங்க. அத நான் தெக்கக் கூடாதுன்னு உட்டுட்டேன்."

இவள் எனக்குப் பொம்மை தைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தான் போன பிறகு நிற்பதற்கு ஒரு தாயைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பியிருக்கிறாள், நானும் எதுவும் தெரியாமல் தைத்து முடித்திருக்கிறேன். மோலி என்னைக் காட்டியபோது அவள் ஏன் சிரித்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. அவள் நினைத்தது நடந்திருந்தது. ஆனால் இப்போது அவளே திரும்பி வந்து நிற்கிறாள், அவளுக்கு இடமில்லை.

"நீ ரொம்பக் கெட்டிக்காரின்னு நினைப்பு உனக்கு" என்று சொல்லிவிட்டு, பொம்மைகளைத் திரும்பக் கூடையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து, முகத்தைக் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதேன்.

சாயங்காலம் மோலி யானையின் காதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் பிய்ந்துவிட்டது.

"அத்தே, தெச்சுக் குடு."

கை வழக்கம்போல ஊசியைத் தேடியது. நிறுத்திக்கொண்டேன். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. மூன்று தடவை சோதித்த காகிதம் அலமாரியில் இருந்தது. போய் எடுத்து ஐந்தாவது தடவை படித்தேன். பிறகு சவரியம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்து ஊசி செருகிய நூல் உருண்டையை எடுத்து மோலியின் கையில் கொடுத்தேன். ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் நூல். காதை அவள் வாயில் கவ்விக்கொண்டாள்.

"அந்த ரூமிலே இருக்காங்களே, அவங்ககிட்டே கொண்டுபோ."

"நீ தெய்யி."

"எனக்குத் தெரியாது."

மோலி என்னை நம்பவில்லை. நானும் அசையவில்லை. கடைசியில் கால் மாற்றிக் கால் மாற்றிப் போய்க் கதவருகே நின்றாள். சவரியம்மா என்னைப் பார்த்தாள். காது மோலியின் வாயிலிருந்து அவள் கைக்கும், அவள் கையிலிருந்து மறுபடி மோலியிடமும் போகப் போகிறது. இடுக்கியை எடுக்க வேண்டும் போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் தைத்தாள். நோய் அந்தக் கையை ஒன்றும் செய்திருக்கவில்லை. எறும்பு போகிற மாதிரி ஒரே சீராக, சின்னச் சின்னதாக ஓடியது தையல். மோலி மூச்சு விடாமல் பார்த்தாள். முடிந்ததும் யானையை வாங்கி, காதைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. யானையைத் தரையில் போட்டு, உடம்பைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை.

திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முயலைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்புறம் நாய். அப்புறம் கிளி. அந்தி மணி அடிப்பதற்குள் மீனைத் தவிர வீட்டிலிருந்த அத்தனை மிருகமும் அந்த அறைக்குப் போய்விட்டது. நான் சமையலறையில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வலித்தது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்; நன்றாகவே வலித்தது.

கடைசியாக மோலி சமையலறைக்கு வந்தாள். அந்தச் செங்கல் மீனைத் தேடி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலில் நின்று என்னிடம் தீர்மானமாகச் சொன்னாள்.

"அத்தே, உனக்குத் தெக்கத் தெரியாது."

"தெரியாது கண்ணு" என்றேன். "அதைத்தானே நான் முதல்லேருந்து சொல்றேன்."